எடை கிராமில், கணக்கு எண்ணிக்கையில்: வேதியியல் கேள்வி-பதில்

இந்த முறை கேள்விகள் வகுப்பறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்தும் வந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவற்றில் சிக்கல் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: கிராமுக்கும் மோலுக்கும் நடுவே. அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம். அதைப் படித்துவிட்டு மற்றவற்றுக்குப் போனால் எளிதாக இருக்கும்.

கேள்வி: ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள் என்று மனப்பாடம் செய்துவிட்டேன். ஏன் இப்படி ஒரு கோணல் எண்? ஒரு கோடி, நூறு கோடி என்று வைத்துக்கொண்டால் என்ன? இதை யார் எண்ணிப் பார்த்தார்கள்?
– பிளஸ் ஒன் மாணவி, திண்டுக்கல்

யாரும் எண்ணவில்லை. எண்ணாமல் தப்பிப்பதற்குத்தான் மோல்.

ஹார்டுவேர் கடையில் போல்ட்டும் நட்டும் கிலோ கணக்கில் தருகிறார்கள். ஒரு போல்ட் 12 கிராம், ஒரு நட் 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 கிலோ போல்ட்டுக்கு 5 கிலோ நட் வாங்கினால் ஒன்றுக்கு ஒன்று சரியாக அமையும்; மிச்சமும் இருக்காது, குறையவும் செய்யாது. 12 டன்னுக்கு 5 டன் என்றாலும் அப்படியே. மொத்தம் எத்தனை என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்றின் எடைக்கும் மற்றதன் எடைக்கும் உள்ள விகிதம் தெரிந்தால் போதும்.

அணுக்களும் இப்படித்தான். கார்பன் அணுவின் நிறை 12 பங்கு என்றால் ஆக்சிஜன் அணுவின் நிறை 16 பங்கு. ஆகவே 12 கிராம் கார்பனில் எத்தனை அணுக்களோ அத்தனை அணுக்கள் 16 கிராம் ஆக்சிஜனிலும் இருக்கும். அந்த ‘எத்தனை’ என்ன என்று தெரியாமலேயே 19ஆம் நூற்றாண்டு வேதியியலார் பெரும்பகுதி வேலையை முடித்துவிட்டார்கள். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமன் வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811இல் சொன்ன அவகாட்ரோவுக்கும் அந்த எண் தெரியாது. மூலக்கூறின் பருமன் எவ்வளவு இருக்கும் என்று 1865இல் முதலில் கணக்கிட்டவர் லோஷ்மிட். எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டியவர் பிரான்சின் ழான் பெரென், 1909இல்.

கோணல் எண்ணாக இருப்பதற்குக் காரணம் கிராம்தான். அணுவைப் பற்றி எதுவும் தெரியாத காலத்தில், தண்ணீரை வைத்து வகுத்த அலகு அது. அணுவின் நிறைக்கும் கிராமுக்கும் இடையிலுள்ள நாணய மாற்று விகிதம்தான் அவகாட்ரோ எண். கிராமுக்குப் பதில் தோலாவில் (11.66 கிராம்) எடை போட்டு வந்திருந்தால், பாடப்புத்தகத்தில் 7.02 × 10²⁴ என்று இருந்திருக்கும். வேதியியல் ஒன்றும் மாறியிருக்காது.

2019 மே 20 முதல் இந்த எண் அளந்து பார்க்கும் எண் அல்ல, 6.02214076 × 10²³ என்று நிர்ணயித்துவிட்டார்கள். ‘12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை’ என்பது பழைய வரையறை. உங்கள் கணக்குகளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

கணக்குப் போடும்போது ஒரே விதி: கிராமை மோலார் நிறையால் (ஒரு மோலின் எடை, கிராமில்) வகுத்தால் மோல். 18 கிராம் தண்ணீர் ஒரு மோல். மேசைக்கரண்டி ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். மாணவர்கள் வழுக்கும் இடம் ‘ஒரு மோல் ஆக்சிஜன்’. அணுவா, மூலக்கூறா? அணு என்றால் 16 கிராம், மூலக்கூறு என்றால் 32 கிராம். கேள்வித்தாளில் அந்த ஒரு சொல்லை அடிக்கோடிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: குளோரினின் அணு நிறை 35.5 என்கிறார்கள். அரை நியூட்ரான் உண்டா?
– பத்தாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்

கிடையாது. இயற்கையில் கிடைக்கும் குளோரினில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அணுக்களின் நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் மொத்த எண்ணிக்கை) 35. மீதி கால் பங்குக்கு 37. சராசரி போட்டால் 35.5. வகுப்பின் சராசரி மதிப்பெண் 35.5 என்பதால் யாரோ ஒருவர் அந்த மதிப்பெண் வாங்கியிருக்கிறார் என்று அர்த்தமில்லையே.

கேள்வி: வீட்டு கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. அது எரிந்து முடிந்தால் 43 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருமென்று ஓரிடத்தில் படித்தேன். உள்ளே இருந்ததைவிட மூன்று மடங்கு எப்படி வரும்? அச்சுப் பிழையா?
– இல்லத்தரசி, ஈரோடு

பிழை இல்லை. சிலிண்டரிலிருந்து வருவது ஒரு பங்குதான். மீதியை உங்கள் சமையலறைக் காற்று கொடுக்கிறது.

சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் கலவை. கணக்கு எளிதாக இருக்க, முழுவதும் பியூட்டேன் என்று கொள்வோம். ஒரு பியூட்டேன் மூலக்கூறில் 4 கார்பன், 10 ஹைட்ரஜன். முழுமையாக எரியும்போது நடப்பது:

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 தண்ணீர்

சமன்பாட்டிலுள்ள எண்கள் மூலக்கூறுகளின் எண்ணிக்கை, கிராம் அல்ல. கிராமாக்க ஒவ்வொன்றையும் அதன் மோலார் நிறையால் பெருக்குங்கள்: பியூட்டேன் 2 × 58 = 116; ஆக்சிஜன் 13 × 32 = 416; கார்பன் டை ஆக்சைடு 8 × 44 = 352; தண்ணீர் 10 × 18 = 180. இடப்பக்கம் 532, வலப்பக்கம் 532. நிறை எங்கும் தொலையவில்லை, புதிதாக முளைக்கவும் இல்லை.

இந்த விகிதத்தை 14.2 கிலோவுக்கு விரித்தால், ஆக்சிஜன் 50.9 கிலோ உள்ளே போகிறது. கார்பன் டை ஆக்சைடு 43.1 கிலோவும் தண்ணீர் 22 கிலோவும் வெளியே வருகின்றன. ஆமாம், ஒரு சிலிண்டருக்கு 22 லிட்டர் தண்ணீர், ஆவியாக. குளிர்ந்த பாத்திரத்தை அடுப்பில் வைத்ததும் அதன் அடியில் முத்து முத்தாக வியர்ப்பது இந்தத் தண்ணீரில் ஒரு துளி. புரோப்பேனை வைத்துக் கணக்கிட்டாலும் கார்பன் டை ஆக்சைடு சரியாக மூன்று மடங்கு வரும். ஆகவே கலவை எப்படி இருந்தாலும் விடை பெரிதாக மாறாது.

50.9 கிலோ ஆக்சிஜன் கிடைக்க ஏறக்குறைய 220 கிலோ காற்று வேண்டும். 10 அடிக்கு 10 அடி, 10 அடி உயரமுள்ள அறையில் இருக்கும் காற்றைப் போல ஆறு, ஏழு மடங்கு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்காதீர்கள் என்பதற்கு இதுதான் கணக்கு. ஆக்சிஜன் போதாவிட்டால் வினையே வேறு:

2 பியூட்டேன் + 9 ஆக்சிஜன் → 8 கார்பன் மோனாக்சைடு + 10 தண்ணீர்

கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஆளைக் கொல்லும். நீலச் சுடர் மஞ்சளாக மாறி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் காற்று சரியாகக் கலக்கவில்லை என்று பொருள். பர்னரைக் கழற்றி, பொங்கி வழிந்து அடைத்த துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பிறகும் மஞ்சளாகவே எரிந்தால் பர்னருக்குள் காற்று புகும் வழியை மெக்கானிக் பார்க்க வேண்டும்.

கேள்வி: சோடியம் ஹைட்ராக்சைடு 4 கிராம் துல்லியமாக எடை போட்டு ஒரு லிட்டர் கரைசல் தயாரிக்கிறோம். 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) வர வேண்டும். தரம்பார்த்தலில் (செறிவு தெரிந்த கரைசலோடு வினைபுரியவைத்துச் செறிவை அளப்பதில்) ஒவ்வொரு முறையும் குறைவாகவே வருகிறது. தராசு சரியாகத்தான் இருக்கிறது.
– பள்ளி ஆய்வக உதவியாளர், விழுப்புரம்

தராசைக் குறை சொல்லாதீர்கள். அந்த வெள்ளைக் குண்டுமணிகள் நீங்கள் எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகின்றன. கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து கொஞ்சம் சோடியம் கார்பனேட்டாகவும் மாறுகின்றன. தராசு காட்டும் 4 கிராமில் தண்ணீரும் கார்பனேட்டும் சேர்த்தி. நான்கு தசம இடம் காட்டும் தராசு வாங்கினாலும் இது தீராது. சோடியம் ஹைட்ராக்சைடை எடை போட்டுச் செறிவைச் சொல்லவே கூடாது. உத்தேசமாகத் தயாரித்து, நம்பகமான ஒரு பொருளை வைத்துத் தரம்பார்க்க வேண்டும். அந்த நம்பகமான பொருள் ஆக்சாலிக் அமிலப் படிகம்.

0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் 250 மி.லி. தயாரிக்க: படிகத்தின் மோலார் நிறை 126.07. 126.07 × 0.05 × 0.25 = 1.576 கிராம். எடைப் புட்டியில் எடுத்து, பீக்கரில் சுமார் 50 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கண்ணாடிக் கோலால் கலக்கிக் கரையுங்கள். புனல் வழியாக 250 மி.லி. திட்டக் குடுவையில் (கழுத்தில் அளவுக்கோடு போட்டது) ஊற்றுங்கள். பீக்கர், கோல், புனல் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் நீரால் மூன்று தடவை அலசி, அந்த நீரையும் குடுவைக்குள்ளேயே விடுங்கள். கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே வரும்வரை நிரப்பிவிட்டு, மீதியைச் சொட்டுச் சொட்டாக. நீர்மட்டத்தின் அடிவளைவு கோட்டைத் தொட வேண்டும், கண் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். மூடியைப் பிடித்துக்கொண்டு பதினைந்து, இருபது தடவை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். இந்தக் கடைசி வேலையைப் பலர் இரண்டு ஆட்டு ஆட்டி முடித்துவிடுகிறார்கள். அடியில் அடர்த்தி, மேலே நீர்.

இங்கே நேரும் தவறுகளில் பெரியது, ஆக்சாலிக் அமிலத்தின் மோலார் நிறையை 90 என்று எடுப்பது. 90 என்பது நீரற்ற அமிலத்துக்கு. புட்டியில் இருக்கும் படிகம் ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறுகளைச் சுமந்துகொண்டிருக்கிறது. 90ஐ வைத்துக் கணக்கிட்டு எடை போட்டால் 0.05க்குப் பதில் 0.0357 மோலார்தான் கிடைக்கும். லேபிளைப் படியுங்கள். அடுத்த தவறு, 250 மி.லி. நீரை அளந்து அதில் படிகத்தைப் போடுவது. மோலாரிட்டி என்பது கரைசலின் மொத்தப் பருமனுக்கு. ஊற்றிய நீருக்கு அல்ல. கோட்டைத் தாண்டி ஊற்றிவிட்டால் பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்துச் சமாளிக்காதீர்கள், நீரோடு அமிலமும்தான் வெளியே வரும். கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

இனி தரம்பார்த்தல். இரண்டு சோடியம் ஹைட்ராக்சைடுக்கு ஓர் ஆக்சாலிக் அமிலம். பிப்பெட்டில் 20 மி.லி. அமிலம் (ரப்பர் பல்பால் உறிஞ்சுங்கள், ஆக்சாலிக் அமிலம் நஞ்சு, வாய் வேண்டாம்), பினாப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) இரண்டு சொட்டு. பியூரெட்டில் (அடியில் திருகுள்ள அளவுக் குழாய்) காரம். 20 மி.லி.யில் உள்ள அமிலம் ஒரு மில்லிமோல்; அதற்கு இரண்டு மில்லிமோல் காரம் தேவை. பியூரெட் 21.2 மி.லி. காட்டினால், 2 ÷ 21.2 = 0.0943. உங்கள் காரக் கரைசலின் உண்மையான செறிவு 0.0943 மோலார். அதையே புட்டியின் மேல் தேதியோடு எழுதி ஒட்டுங்கள், 0.1 ஆக்க மெனக்கெட வேண்டாம்.

பியூரெட்டையும் பிப்பெட்டையும் அவற்றில் எடுக்கப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும். கூம்புக் குடுவையை மட்டும் வெறும் நீரால். குடுவையைக் கரைசலால் அலசினால் அளக்காத அமிலம் உள்ளே தங்கிவிடும். பியூரெட்டை நிரப்பிய புனலை எடுத்துவிடுங்கள், நடுவில் ஒரு சொட்டு விழுந்தால் அளவு போச்சு. பிப்பெட் நுனியில் நிற்கும் கடைசிச் சொட்டை ஊதாதீர்கள்; நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டு எடுத்தால் போதும், அந்தச் சொட்டைக் கழித்துத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் முடிவுநிலை. அதற்கு மேல் நிறம் மங்கினால் மறுபடி சொட்டு விடாதீர்கள், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு செய்யும் வேலை அது.

காரக் கரைசலைப் பிளாஸ்டிக் புட்டியில் வையுங்கள். கண்ணாடி மூடி போட்ட புட்டியில் வைத்தால் ஒரு மாதம் கழித்து மூடியைத் திறக்க முடியாது.

கேள்வி: ஆக்சாலிக் அமிலத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை விடும்போது சிலருக்கு மட்டும் கரைசல் பழுப்பாகக் கலங்கிவிடுகிறது. ஏன்?
– பிளஸ் டூ மாணவர், மன்னார்குடி

கந்தக அமிலம் போதவில்லை, அல்லது சூடாக்காமல் அவசரப்பட்டு விட்டிருக்கிறார்கள். அமிலம் தாராளமாக இருந்தால் பெர்மாங்கனேட் நிறமற்ற மாங்கனீசு அயனி வரை இறங்கும். போதாவிட்டால் பாதி வழியில் மாங்கனீசு டை ஆக்சைடாக நின்றுவிடும். அந்தப் பழுப்பு அதுதான். 20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்துக்கு அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60–70 டிகிரிக்குச் சூடாக்குங்கள். கொதிக்க விடாதீர்கள், ஆக்சாலிக் அமிலமே சிதையும்.

சூடாக இருந்தாலும் முதல் இரண்டு மூன்று சொட்டுகளின் நிறம் மறைய நேரமாகும். பதறாமல் காத்திருங்கள். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அடுத்த சொட்டுக்கு வினையூக்கி. பிறகு ‘சட்’டென்று மறையும். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் பெர்மாங்கனேட்டில் கொஞ்சம் குளோரைடைக் குளோரினாக்குவதில் செலவாகும். நைட்ரிக் அமிலமோ தானே ஆக்சிஜனேற்றி. இரண்டுமே அளவைக் கெடுக்கும். பெர்மாங்கனேட்டின் அடர் நிறத்தில் அடிவளைவு தெரியாது. பியூரெட்டில் மேல் விளிம்பைப் படியுங்கள், தொடக்கத்திலும் முடிவிலும்.

விகிதம் இங்கே 2 பெர்மாங்கனேட்டுக்கு 5 ஆக்சாலிக் அமிலம். முந்தைய பதிலிலுள்ள 0.05 மோலார் அமிலம் 20 மி.லி.க்கு 0.02 மோலார் பெர்மாங்கனேட் சரியாக 20 மி.லி. வேண்டும். போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒரு கிலோ கல் சுண்ணாம்பை நீற்ற எவ்வளவு தண்ணீர் தேவை? கொத்தனார்கள் ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள்.
– வீடு புதுப்பிக்கும் வாசகர், காரைக்குடி

வினைக்குத் தேவையானது மட்டும் என்றால் கணக்கு சுலபம். கல் சுண்ணாம்பு என்பது கால்சியம் ஆக்சைடு; அதில் 56 கிராமுக்குத் தண்ணீர் 18 கிராம். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 320 மி.லி. ஆனால் அந்த அளவோடு நிறுத்தினால் பாதி நீறாமல் கிடக்கும். காரணம் வெப்பம். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வெளியாகும் வெப்பம், 30 டிகிரியிலுள்ள நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். ஊற்றிய நீரில் பெரும்பகுதி ஆவியாகப் பறந்துவிடும். ஆளுக்கொரு அளவு வருவது இதனால்தான். தூளாக வேண்டுமா, குழைவாக வேண்டுமா என்பதைப் பொறுத்தும் மாறும். குழைவுக்கு இரண்டு, மூன்று லிட்டர் வேண்டியிருக்கும்.

அளவைவிட வரிசை முக்கியம். தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு சிறு சிறு கட்டிகளாகச் சுண்ணாம்பு. குவியலின் மேல் தண்ணீரை ஊற்றினால் உள்ளே ஆவி அடைபட்டுக் கொதிக்கும் சுண்ணாம்பு தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி அணியாமல் பக்கத்தில் நிற்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: ஆப்ப சோடாவும் சலவை சோடாவும் ஒன்றா? ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியுமா?
– வாசகி, சேலம்

ஒன்றல்ல. ஆப்ப சோடா சோடியம் பைகார்பனேட். சலவை சோடா சோடியம் கார்பனேட். முதலாவதைச் சூடாக்கினால் இரண்டாவது கிடைக்கும். மோல் கணக்கை வீட்டிலேயே சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

2 சோடியம் பைகார்பனேட் → சோடியம் கார்பனேட் + தண்ணீர் + கார்பன் டை ஆக்சைடு

168 கிராம் போட்டால் 106 கிராம் மிஞ்ச வேண்டும். பாதியாக எடுத்தால் 84க்கு 53. டிஜிட்டல் சமையல் தராசில் 84 கிராம் ஆப்ப சோடா எடுத்து, உலர்ந்த எவர்சில்வர் வாணலியில் பரப்பி மிதமான தீயில் கிளறுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், காரம் அதை அரிக்கும். சிறிது நேரத்தில் தூள் தண்ணீர்போல் நெகிழ்ந்து, குமிழியிட்டுக் குதிக்கும். ஈரம் இல்லாத பொடி கொதிப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். வெளியேறும் வாயுதான் பொடியைத் தூக்குகிறது. குதிப்பு அடங்கிய பிறகும் பத்து நிமிடம் கிளறி, ஆறவைத்து எடை போடுங்கள். மறுபடி சூடாக்கி மறுபடி எடை. இரண்டு எடையும் ஒன்றானால் வினை முடிந்தது.

60 என்று காட்டினால் இன்னும் மாறாத பொடி மிச்சம் இருக்கிறது. 50க்குக் கீழே போனால் கிளறும்போது வெளியே சிந்தியிருக்கிறது. நீங்கள் வாங்கியது பேக்கிங் பவுடரா என்றும் பாருங்கள். அதில் மாவும் அமில உப்பும் கலந்திருக்கும், கணக்கு ஒத்துவராது. கிடைத்த பொடியை ஆப்ப மாவில் போட்டுவிடாதீர்கள், கசக்கும். துணி ஊறவைக்கப் பயன்படுத்தலாம், கையுறையோடு.

கேள்வி: கொதிக்கும் தூய நீரின் பிஎச் (அமில, கார அளவுகோல்) 6.1 என்கிறார்கள். அப்படியானால் கொதிநீர் அமிலமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

இல்லை, நடுநிலைதான். நடுநிலை என்பது ‘பிஎச் 7’ அல்ல. ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சம எண்ணிக்கையில் இருப்பது. தண்ணீர் இந்த இரண்டாகப் பிரிய வெப்பம் தேவை. ஆகவே சூடேற ஏற அதிகம் பிரிகிறது. இரண்டும் சேர்ந்தே கூடுகின்றன. ஹைட்ரஜன் அயனி கூடினால் பிஎச் எண் குறையும். 25 டிகிரியில் மட்டும் அந்தச் சமநிலை 7இல் விழுகிறது, 100 டிகிரியில் சுமார் 6.1இல். அந்த வெப்பநிலையில் பிஎச் 7 உள்ள நீர் உண்மையில் காரத்தன்மை கொண்டது.

ஆய்வகத்தில் பிஎச் மீட்டரை வைத்திருந்தால் இதையும் கவனியுங்கள். அதிலுள்ள வெப்பநிலைத் திருத்தம் மின்முனையின் அளவீட்டைத்தான் சரிசெய்கிறது. சூடான கரைசலின் பிஎச்சை 25 டிகிரிக்கு மாற்றித் தராது. எனவே பிஎச் எழுதும்போது பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதுங்கள்.